வீட்டுக்கு ஏற்ற சிறு கமரா

நம்மவர் இல்லங்களிலே, அலுமாரியின் மேற்றட்டில், கூறைச் சேலைக்கும் காணி உறுதிக்கும் அருகே பத்திரமாக வைக்கப்பட்டிருக்கும் பொருள் புகைப்பட அல்பம். உறவினர் வந்தால் அது கீழே இறங்கும். தேநீர் ஆறிப்போவதும் தெரியாமல், பெரியோர் ஒவ்வொரு தாளாகப் புரட்டிப் பழைய நாட்களுக்குத் திரும்புவர்.

எமது வீட்டிலும் அத்தகைய அல்பங்கள் ஐந்து உண்டு. தந்தையார் படமெடுப்பதில் வல்லவர். தூரத்தை அடியளவிற் கணித்து, வெயிலின் அளவை அண்ணாந்து பார்த்து, கமராவின் வளையங்களைத் திருகி அவர் எடுத்த படங்கள் இன்றும் தெளிவு குன்றாதவை. ஆனால் அக்கமராவைக் கையாளும் வித்தை அவர் ஒருவருக்கே தெரியும். பிறர் அதைத் தொடவும் அஞ்சினர்.

சில ஆண்டுகளுக்கு முன் எமது அன்னையார் காலமானார். மரண அறிவித்தலுக்கும், முப்பத்தோராம் நாட் கல்வெட்டுக்கும் ஒரு படம் வேண்டியிருந்தது. ஐந்து அல்பங்களையும் விடியும்வரை புரட்டினோம். அன்னையார் இருந்த படங்கள் மூன்றே மூன்று. ஒன்று திருமணத்தன்று எடுத்தது. மற்றொன்றிற் சமையலறை வாயிலில் அவருடைய பாதி முகமே தெரிந்தது. மூன்றாவதை, தந்தையாரிடமிருந்து கமராவை ஒருமுறை வாங்கிய மாமா எடுத்திருந்தார். தூரத்தைத் திருத்த அவர் அறியாமையால், பின்னால் நின்ற மாமரம் தெளிவாகவும் அன்னையாரின் முகம் மங்கலாகவும் விழுந்திருந்தன. ஈற்றில் தேசிய அடையாள அட்டைக்கென எடுத்த படத்தையே பெருப்பித்தோம். கல்வெட்டின் முகப்பில் இன்று எம்மைப் பார்த்துக்கொண்டிருப்பவர், அலுவலகத் தேவைக்காக முகத்தை இறுக்கிக்கொண்ட ஒரு பெண்மணி. சிரித்தபடி எமக்குச் சோறிட்ட அம்மா அல்லர்.

இதிற் கமராவின் குற்றம் யாதுமில்லை. குடும்பத்துக்கென வாங்கிய கருவி ஒருவர் கைக்கு மட்டுமே பொருந்தியதாய் இருந்தது, அதுவே குறை. ஆகவே, கமரா வாங்க எண்ணும் வாசகர்களுக்கு நாம் முதலிற் கூற விரும்புவது இதுதான்: வீட்டிலுள்ள எல்லோரும் எடுக்கக்கூடிய கமராவே குடும்பத்துக்கு ஏற்ற கமரா.

இந்நாளிலும் பிலிம் சுருளா?

கைத்தொலைபேசியில் ஆயிரக்கணக்கிற் படமெடுக்கும் இக்காலத்தில் பிலிம் கமரா எதற்கு என்று சிலர் வினவலாம். வினா நியாயமானதே. எனினும், தொலைபேசி பழுதடைந்தபோது பிள்ளையின் முதலிரண்டு ஆண்டுப் படங்களையும் ஒருசேர இழந்த பெற்றோரை நாம் அறிவோம். பிலிம் சுருளில் 24 அல்லது 36 படங்களே உண்டு. எண்ணிக்கை குறைவாதலின் எடுக்குமுன் ஒரு கணம் சிந்திக்கிறோம். எடுத்தவற்றைக் கழுவிப் பிரதியாக்கிக் கையில் ஏந்துகிறோம். இக்காரணத்தாலேயே இளந்தம்பதியர் சிலர் மீண்டும் பிலிமை நாடுகின்றனர்.

எல்லோருக்கும் எட்டிய கதை

படமெடுத்தல் ஒரு காலத்தில் எளிய செயலாய் இருக்கவில்லை. புகழ்பெற்ற புகைப்படக் கலைஞர் ஜூலியா மாகிரற் கமரன் அம்மையாருக்கு 1863ஆம் ஆண்டில் மகளும் மருமகனும் ஒரு கமராவைப் பரிசளித்தனர். அவர் கண்ணாடித் தகடுகளிற் படமெடுத்த அந்நாளில், எதிரே இருந்தவர் நிமிடக்கணக்கில் அசையாதிருக்க வேண்டியிருந்தது. 1875இல் இலங்கை வந்து 1879இல் இங்கேயே மறைந்த அவ்வம்மையாரின் கல்லறை பொகவந்தலாவையில் உள்ளது.

1888இல் அமெரிக்கரான ஜோர்ஜ் ஈஸ்ற்மன் வெளியிட்ட கொடக் கமராவில் 100 படங்களுக்குரிய சுருள் இருந்தது. எடுத்து முடித்தபின் கமராவையே நிறுவனத்துக்கு அனுப்பிவிடலாம். 1900இல் ஒரு டொலர் விலையில் வந்த பிறவுணி, சிறுவர் கைக்கும் கமராவைக் கொண்டுவந்தது. 1925இல் ஜேர்மனியின் லைக்காவும், 1934இல் உறையிலிட்ட 35 மில்லிமீற்றர்ச் சுருளும் வந்தபின், கமரா சட்டைப்பையை நெருங்கியது. 1975இல் யப்பானின் கொனிக்கா நிறுவனம் பிளாஷ் விளக்கைக் கமராவினுள்ளேயே அமைத்தது. 1977இல் தூரத்தைத் தானே கணிக்கும் கமராவையும் விற்பனைக்கு விட்டது. எம் மாமாவின் கையில் அத்தகையதொன்று இருந்திருப்பின், மாமரத்துக்குப் பதிலாக அம்மாவே தெளிந்திருப்பார்!

எவ்வகையைத் தெரிவது?

இன்று சந்தையில் கிடைக்கும் சிறு பிலிம் கமராக்களுட் பெரும்பாலானவை ஒருவர் பாவித்துக் கைமாறியவையே. அவற்றை நான்கு வகையாகக் கொள்ளலாம்.

முதலாவது வகை, பற்றரியே வேண்டாதது. 1967 முதல் 1984 வரை உற்பத்தியான ஒலிம்பஸ் றிப் 35 இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. வில்லையைச் சுற்றியுள்ள செலீனியக் கலம் வெளிச்சத்தை அளக்கும். வெளிச்சம் போதாதெனின் பார்வைத்துளையிற் சிவப்புக் கொடி எழுந்து, பொத்தான் அழுந்த மறுக்கும். தூரத்தை மட்டும் நாமே அமைத்தல் வேண்டும்: ஒரு தலை, இருவர், கூட்டம், மலை என நான்கு சித்திரங்கள் உள்ளன. முற்றத்திலும் கடற்கரையிலும் கோயில் வீதியிலும் அழகிய படங்களைத் தரும். ஆனால் சித்திரத்தை மாற்ற மறந்தால் மாமாவின் கதையே மீளும்.

இரண்டாவது, தானே தூரம் கணித்து, தானே பிளாஷ் ஒளிரச்செய்து, தானே சுருளை நகர்த்தும் வகை. 1979இற் கனொனும், 1991இலும் 1997இலும் ஒலிம்பஸும் வெளியிட்டவை இவ்வகையிற் பெயர்பெற்றன. 1997இல் வந்த ஒலிம்பஸ் மியூ இரண்டின் மூடியை நகர்த்தினாற் போதும், படமெடுக்க ஆயத்தமாகிவிடும், மழைத்தூறலையும் தாங்கும். பாட்டியாரும் பத்து வயதுப் பேரனும் கற்காமலே கையாளத்தக்கது. ஆனால் இதன் புகழே இதன் விலையை உயர்த்திவிட்டது. மேலும் உள்ளிருக்கும் மின்னணுப் பகுதி பழுதுபட்டாற் சீராக்குதல் அரிது. அதிகம் பேசப்படாத பெயருடைய, நிலையான ஒற்றை வில்லையுள்ள இவ்வகைக் கமரா ஒன்று மலிவாகக் கிடைப்பின் அதுவே போதும்.

மூன்றாவது, வில்லை நீண்டு தூரப்பொருளை அருகழைக்கும் வகை. கண்ணுக்குக் கவர்ச்சியானது, எனினும் வில்லை முற்றாக நீளும்போது பலவற்றில் ஒளி புகும் துவாரம் 11 என்ற அளவுக்குச் சுருங்கிவிடும். 2.8 என்ற துவாரத்தோடு ஒப்பிடின் இது பதினாறில் ஒரு பங்கு ஒளியையே உள்ளே விடும். மாலைநேர விறாந்தையிற் பிள்ளையின் ஓட்டத்தைப் பிடிக்க இது உதவாது. இதனை வாங்கியோர் வில்லையை நீட்டாமல், இரண்டடி முன்னே நடப்பது நன்று.

நான்காவது, ஒரு படத்துக்குரிய இடத்தில் இரு படங்களைப் பதிக்கும் அரைச்சட்டக வகை. 2024இல் புதிதாக வெளிவந்த பென்ராக்ஸ் 17 இதனைச் சேர்ந்தது. 36 படச் சுருளில் 72 படங்கள் கிடைப்பதால் செலவு குறையும். ஆயினும் தூரத்தை நாமே அமைக்க வேண்டும். சுருள் முடியவும் நாட் செல்லும்.

எமது பரிந்துரை இரண்டாம் வகையே. பற்றரியை நம்ப விரும்பாதோர், வீட்டார் அனைவருக்கும் அந்த நான்கு சித்திரங்களையும் கற்பித்துவிட்டு முதலாம் வகையை வாங்கலாம்.

வாங்குமுன் கவனிக்க

பழைய கமராவைக் கையில் எடுத்ததும் வில்லையினூடே வெளிச்சத்தைப் பாருங்கள். சிலந்தி வலைபோன்ற இழைகள் தெரிந்தால் அது பூஞ்சணம், எமது ஈரப்பதமுள்ள காலநிலையில் அது வளரும், வாங்காதீர்கள். பின்மூடியைத் திறந்து, ஓரத்திலுள்ள கறுப்புப் பஞ்சு பிசுபிசுக்கிறதா எனத் தொட்டுப் பாருங்கள். பிசுபிசுப்பின் அதனை மாற்றவேண்டும். இன்றேல் ஒளி கசிந்து படத்தைக் கெடுக்கும். பற்றரி அறையிற் பச்சை படிந்திருப்பின் விட்டுவிடுங்கள். பற்றரியின் வகையையும் கேட்டறியுங்கள். 1970களின் சில கமராக்களுக்குரிய இரசப் பற்றரிகள் இப்போது விற்பனையில் இல்லை. செலீனியக் கலமுள்ளதாயின், வெளிச்சத்தில் நின்று வில்லையையும் கலத்தையும் கையால் மூடிப் பொத்தானை அழுத்துங்கள். சிவப்புக் கொடி எழுதல் வேண்டும். கையை எடுத்தால் எழலாகாது.

பிலிமும் பராமரிப்பும்

வீட்டுப் பாவனைக்கு ஐ.எஸ்.ஓ. 400 உணர்திறனுள்ள வர்ணச் சுருள் ஏற்றது. வெயிலையும் தாங்கும், வீட்டினுள்ளும் உதவும். சிறு கமராவின் பிளாஷ் மூன்று நான்கு மீற்றருக்கு அப்பால் எட்டாது என்பதை நினைவிற் கொள்க. மண்டபத்தின் பின்வரிசையிலிருந்து மணவறையை எடுத்தால் முன்னிருப்போரின் கொண்டைகளே விழும்!

கையால் நகர்த்தும் கமராவிற் சுருளை மாட்டியபின், ஒவ்வொரு படத்துக்கும் மறுபக்கக் குமிழ் சுழல்கிறதா எனப் பாருங்கள். சுழலவில்லையாயின் சுருள் பற்றவில்லை. 36 படம் எடுத்ததாக எண்ணி வெறுஞ்சுருளைக் கழுவக் கொடுக்க நேரிடும்.

தோலுறையிற் கமராவை நெடுநாள் வைத்தல் தகாது. தோல் ஈரத்தை வாங்கும். காற்றுப்புகாத பெட்டியில் சிலிக்கா ஜெல் பொட்டலத்துடன் வைப்பதே நலம். எடுத்து முடித்த சுருளை மாதக்கணக்கில் வெப்பத்திற் கிடக்கவிடாது விரைவிற் கழுவுவியுங்கள். வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வருவோர் சுருள்களைச் சரக்குப் பொதியில் இடலாகாது. கையிற் கொண்டுவந்து, ஊடுகதிர்ப் பொறிக்குள் இடாமற் பார்வையிடுமாறு அதிகாரிகளைப் பணிவுடன் கேட்கலாம்.

நெகற்றிவ் எங்கே?

இக்காலத்திற் சில ஸ்ரூடியோக்கள் சுருளைக் கழுவிக் கணினிப் பிரதியை மட்டும் அனுப்புவதுண்டு. நெகற்றிவையும் கேட்டு வாங்குங்கள், மூலம் அதுவே. 1995ஆம் ஆண்டின் இடப்பெயர்விலும், 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலையிலும் அல்பங்களை இழந்த குடும்பங்கள் பல. அவர்களுட் சிலர், தூரதேசத்து உறவினருக்கு முன்னர் அனுப்பிய பிரதிகளாலேயே தம் பெற்றோரின் முகங்களை மீளப் பெற்றனர். ஆகவே அல்பத்தை ஒரு வீட்டிலும் நெகற்றிவை மற்றொரு வீட்டிலும் வையுங்கள். படத்தின் பின்புறம், பெயரும் ஊரும் ஆண்டும் மெல்லிய பென்சிலால் எழுதுங்கள். பேரப்பிள்ளைகளுக்கு அவை பெருந்துணையாகும்.

இறுதியாக ஒன்று. ஒவ்வொரு சுருளிலும் மூன்று படங்களையேனும், வழக்கமாகப் படமெடுப்பவரின் கையிலிருந்து கமராவை வாங்கி வேறொருவர் எடுப்பது என்று வீட்டில் ஒரு விதி செய்துகொள்ளுங்கள். எமது வீட்டில் இப்போது அவ்விதி உண்டு. சென்ற தைப்பொங்கலன்று எட்டு வயது மகள் கமராவைப் பறித்துக்கொண்டு முற்றத்துக்கு ஓடினாள். படம் சற்றே சரிந்திருக்கிறது. பானையின் பாதி வெட்டுண்டு போயிற்று. ஆனால் அவளுடைய தாயார், புகையிற் கண்ணைச் சுருக்கியபடி, வாய்விட்டுச் சிரிக்கிறார். எமது ஆறாவது அல்பத்தின் முதற்பக்கத்தில் அப்படத்தையே ஒட்டியிருக்கிறோம்.