அளவெடுத்துச் செய்யும் சைக்கிள்

நெடுந்தூரப் பிரயாணத்துக்குச் சட்டம் தேர்ந்தெடுப்பது எப்படி?

சென்னைக்கு வடக்கே சுமார் 60 கி.மீ. தூரத்தில், வங்கக் கடலுக்கும் உப்பங்கழிக்கும் இடையே அமைந்திருக்கின்றன பழவேற்காட்டு மீனவர் குப்பங்கள். 1613-ல் டச்சுக்காரர்கள் கோட்டை கட்டிய ஊர் என்று சரித்திரம் படித்தவர்கள் இதை அறிவார்கள். பூநாரைகள் வந்திறங்கும் ஏரி என்று பறவைப் பிரியர்கள் அறிவார்கள். அண்மைக் காலமாக மூன்றாவது கூட்டத்தார் ஒருவரும் இவ்வூரைத் தெரிந்து வைத்திருக்கிறார்கள். விடியுமுன் நகரத்தை விட்டுக் கிளம்பி, சைக்கிள் மிதித்தே ஏரிக்கரையை எட்டி, வெயில் முற்றுமுன் வீடு திரும்ப முயலும் நெடுந்தூர சைக்கிள்காரர்களே அவர்கள்.

போக வர 120 கி.மீ. மணிக்கு 20 கி.மீ. வேகம் என்றால் ஆறு மணி நேரம் ஆசனத்தில் அமர வேண்டும். நிமிஷத்துக்கு 70 சுற்று மிதித்தால், முழங்கால் ஏறக்குறைய 25,000 தடவை மடங்கி நிமிர்கிறது! ஒரு மடக்கில் நெல்லளவு பிசகு இருந்தாலும் 25,000 தடவையில் அது என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. கடைத்தெருவுக்குப் போய்வர எந்த சைக்கிளும் போதும். நெடுந்தூரத்துக்கோ, உடம்புக்குப் பொருந்திய சைக்கிள் வேண்டும். அந்தப் பொருத்தத்தைத் தீர்மானிப்பது சக்கரமல்ல, செயினுமல்ல, சட்டம்தான்.

குரங்குப் பெடலின் பாடம்

பொருந்தாத சட்டம் எப்படியிருக்கும் என்பதை அறியாத தமிழர் உண்டா? வாடகை சைக்கிள் எடுத்து, பாருக்கு அடியில் காலை நுழைத்துக் குரங்குப் பெடல் அடித்தவர்கள்தாமே நாம்! அந்நாளில் பெரியவர்களுக்கான சைக்கிள்கள் பெரும்பாலும் 22 அங்குலம், 24 அங்குலம் என்ற இரண்டு அளவுகளிலேயே கிடைத்தன. சைக்கிளுக்குத் தகுந்தபடி ஆள் வளைந்து கொடுத்தான். ஆளுக்குத் தகுந்தபடி சைக்கிளை வளைப்பதுதான் அளவெடுத்துச் செய்யும் சட்டத்தின் தத்துவம்.

இந்தத் தத்துவம் பழவேற்காட்டு மீனவருக்குப் புதிதல்ல. ஆழமில்லாத ஏரியில் செல்லும் படகு வேறு. அலையை எதிர்த்துக் கடலில் இறங்கும் படகு வேறு. ஒன்றுக்கு ஏற்றது மற்றொன்றுக்கு உதவாது. எந்த நீர், எவ்வளவு பாரம், எத்தனை ஆட்கள் என்று கேட்ட பிறகே மரத்தில் கை வைப்பான் படகு கட்டுகிறவன். சைக்கிள் சட்டம் கட்டுகிறவனும் அதே கேள்விகளைத்தான் கேட்கிறான். எந்தச் சாலை? எவ்வளவு தூரம்? சுமை என்ன?

மீன் கூடை சைக்கிள்

பின்னால் கூடை கட்டி மீன் விற்கப் போகும் பழைய கறுப்பு சைக்கிளைப் பலர் கட்டை வண்டி என்று ஏளனம் செய்வதுண்டு. 1949-ல் சென்னையில் துவங்கப்பட்ட டி.ஐ. சைக்கிள்ஸ் நிறுவனத்தின் ஹெர்குலிஸ் போன்ற சைக்கிள்கள் இந்த இனத்தைச் சேர்ந்தவை. கனம் அதிகம் என்பது உண்மையே. ஆனால் அதன் சட்டத்தில் விவேகம் ஒன்று ஒளிந்திருக்கிறது. முன்கழுத்து நன்றாகச் சாய்ந்திருக்கும். இரு சக்கரங்களுக்கும் இடையே தூரம் அதிகம். ஆகவே பள்ளத்தில் விழுந்தாலும் அதிர்ச்சி முதுகைத் தாக்குவது குறைவு. ஹேண்டில் பாரைச் சற்றே தளர்த்திப் பிடித்தாலும் வண்டி அலைபாயாது.

பந்தய சைக்கிள் இதற்கு நேர் எதிர். கழுத்து ஏறக்குறைய 73 டிகிரி நிமிர்ந்திருக்கும். பெடல் அச்சுக்கும் பின்சக்கர அச்சுக்கும் நடுவே 41 செ.மீ. அளவே இருக்கும். சுண்டினால் பாயும், ஆனால் ஐந்தாவது மணி நேரத்தில் ஓட்டுபவரின் கழுத்தும் மணிக்கட்டும் முறையிடத் தொடங்கும். நெடுந்தூரச் சட்டம் இரண்டுக்கும் நடுவில் நிற்பது. கழுத்து 71 அல்லது 72 டிகிரி. பின்பகுதி 43 அல்லது 44 செ.மீ.; 32 மி.மீ. டயர் நுழைய இடம். மட்கார்டு, விளக்கு, தண்ணீர்ப் புட்டி ஆகியவற்றை முடுக்கத் துளைகள். இவ்வளவும் முதலிலேயே கேட்டுப் பெற வேண்டியவை. சட்டம் கட்டிய பிறகு டயருக்கு இடம் உண்டாக்க முடியாது அல்லவா?

பிரான்ஸில் 1891-ல் துவங்கிய பாரிஸ்-பிரெஸ்ட்-பாரிஸ் பயணம் இன்று நான்காண்டுக்கு ஒருமுறை நடக்கிறது. தூரம் 1,200 கி.மீ.; அதிகபட்ச அவகாசம் 90 மணி நேரம். அந்த முறையைத் தழுவிச் சென்னையிலும் நெடுந்தூரப் பயணங்கள் நடத்தப்படுகின்றன. 200 கி.மீ.க்கு அவகாசம் பதின்மூன்றரை மணி, 600 கி.மீ.க்கு 40 மணி. இவற்றில் முதலாவது, இரண்டாவது என்ற பரிசு கிடையாது. நேரத்துக்குள் வந்து சேருபவர் எல்லோரும் வென்றவரே. வேகத்தைவிட அலுக்காமல் உட்கார்ந்திருக்கும் திறன்தான் இங்கே முக்கியம்.

எடுக்க வேண்டிய அளவுகள்

முதல் அளவு காலின் உள்நீளம். செருப்பில்லாமல் சுவரோரம் நின்று, கால்களுக்கிடையே ஒரு தடித்த புத்தகத்தை ஆசனம் போல் அழுத்திப் பிடித்து, அதன் மேல்விளிம்பிலிருந்து தரைவரை அளக்க வேண்டும். இதை 0.883 ஆல் பெருக்கினால், பெடல் அச்சின் மையத்திலிருந்து ஆசனத்தின் உச்சிவரை உத்தேச உயரம் கிடைக்கும். 80 செ.மீ. கால் உள்ளவருக்கு இது சுமார் 70.6 செ.மீ. அமெரிக்க வீரர் கிரெக் லெமாண்ட் பிரபலப்படுத்திய கணக்கு இது. துவக்கத்துக்கு நல்லது, முடிவான தீர்ப்பல்ல. முழங்காலின் முன்புறம் வலித்தால் ஆசனம் தாழ்வாக இருக்கலாம். பின்புறம் வலித்தால் உயரமாக இருக்கலாம்.

இதைவிடச் சிக்கலானது, ஹேண்டில் பார் எவ்வளவு உயரத்தில், எவ்வளவு முன்னால் இருக்க வேண்டும் என்பது. ஆசனத்தை ஏற்றி இறக்கிவிடலாம். சட்டத்தின் நீளத்தையோ கழுத்தின் உயரத்தையோ மாற்ற முடியாது. ஒரே உயரமுள்ள இருவரில் ஒருவருக்குக் கால் நீளம், மற்றவருக்கு உடல் நீளம். இருவருக்கும் ஒரே சட்டம் எப்படிப் பொருந்தும்?

உப்புக் காற்றும் உலோகமும்

சட்டம் எதனால் ஆனது என்பது அடுத்த கேள்வி. பழவேற்காட்டுச் சாலையில் மலையேற்றம் கிடையாது. ஆகையால் அரைக் கிலோ கனம் குறைவதற்காக ஏராளமாகச் செலவிடுவது வீண். ஆனால் உப்புக் காற்று உண்டு. மீனவர் சைக்கிளின் ரிம்மையும் செயினையும் பார்த்தவர்களுக்கு அது விளங்கும்.

எஃகு துருப்பிடிக்கும், ஆயினும் அளவுக்கேற்ப வெட்டி ஒட்டச் சுலபமானது, வளைந்தாலும் பல ஊர்களில் பழுதுபார்க்கலாம். பெயிண்டைப் பாதுகாத்து, குழாய்களின் உட்புறம் துருத்தடுப்பு எண்ணெய் பூசி வைத்தால் பல்லாண்டு உழைக்கும். அலுமினியம் இலேசு, துருவேறாது, ஆனால் ஓயாத அதிர்வில் காலப்போக்கில் களைத்துப்போகும் உலோகம் அது. டைட்டேனியம் உப்பைப் பொருட்படுத்தாது. விலை மட்டும் கண்ணைக் கட்டும். கார்பன் மிக இலேசு. ஆனால் பலமான அடிபட்டால் உள்ளே ஏற்பட்ட விரிசல் வெளியே தெரியாமலும் இருக்கக் கூடும்.

யாருக்கு வேண்டும்?

அளவெடுத்துச் செய்த சட்டம் எல்லோருக்கும் வேண்டுமா? வேண்டாம். சராசரி உடலமைப்புள்ளவருக்குக் கடையில் கிடைக்கும் நெடுந்தூர சைக்கிளில் ஆசனத்தையும் ஹேண்டிலையும் சரிசெய்தாலே போதும். மிக உயரமானவர், மிகக் குள்ளமானவர், கால்களின் நீளம் சமமில்லாதவர், கடைச் சட்டங்களில் பொருத்தம் காணாத பெண்கள் ஆகியோருக்கே இது உண்மையில் பயன்படும். அவர்களும் அவசரப்படலாகாது. இரவல் சைக்கிளிலாவது சில நூறு கி.மீ. மிதித்து, எங்கே வலிக்கிறது என்று குறித்துக்கொண்டு, பிறகே அளவு கொடுக்க வேண்டும். அந்த வலிக் குறிப்பைவிடச் சிறந்த அளவுநாடா சட்டம் கட்டுகிறவனுக்குக் கிடைக்காது.

கோடையில் பழவேற்காட்டிலிருந்து தெற்கே திரும்புபவருக்கு நண்பகலில் கடற்காற்று எதிர்க்கத் தொடங்கும். அப்போது முதுகை வளைத்து ஓட்டுவதா, நிமிர்ந்து ஓட்டுவதா என்பது சட்டத்தை வரைந்த அன்றே தீர்மானமாகிவிட்ட விஷயம். காற்றை மாற்ற யாராலும் முடியாது. காற்றுக்குத் தகுந்த சட்டத்தைப் பொறுமையாகத் தேர்ந்தெடுக்கலாம்.