தவில் மாதிரி

'சாம்பிள்' என்பதைத் தமிழில் 'மாதிரி' என்கிறோம். பேச்சில் அதே சொல்லுக்கு 'போல' என்று அர்த்தம். தவிலைக் கணினிக்குள் கொண்டுவர முனைகிறவர் முதலில் இடறுவது இங்கேதான்: பதிந்தது தவிலா, தவில் மாதிரியா?

அசல் டிரம் ஒலிகளைப் பதிந்துவைத்து இசைத்த முன்னோடி எந்திரம் ரோஜர் லின்னின் எல்எம்-1 (1980). டிரம் செட் என்பது தனித்தனி அடிகளின் தொகுப்பு, ஒவ்வொன்றையும் ஒருதரம் பதிந்தால் போதும், மீதி வெறும் வரிசைப்படுத்தல் என்பது அதன் பின்னுள்ள கற்பனை. தவிலிடம் இது செல்லாது. வலந்தலையில் கூடு மாட்டிய விரல்கள், மறுபக்கம் பூவரசங்கழி. இரண்டு தோலும் ஒரே பலாக்கட்டைக்குள் ஒரே காற்றைப் பகிர்ந்துகொள்பவை. ஒன்று அதிர்ந்தால் மற்றது சும்மா இருப்பதில்லை. விரலடியையும் கழியடியையும் தனித்தனியே பதிந்து சேர்த்து ஒலிக்கவிட்டால் கேட்பது இரண்டு தவில். ஆகவே சேர்ந்த அடிகளைச் சேர்த்தே பதியவேண்டும். ஒரே அடியை நாலைந்து தடவை பதிந்து மாற்றி மாற்றி ஒலிக்கவிட வேண்டும். இல்லாவிட்டால் வேக உருட்டு தையல் மிஷின் சத்தமாகிவிடும். மெல்லிய அடியிலிருந்து முழு அடிவரை பல அடுக்குகளும் தேவை. 'மிடி' மொழியில் விசைக்கு 127 படிகள் உண்டு. ஒரே பதிவை வைத்துக்கொண்டு ஒலியளவை மட்டும் ஏற்றியிறக்குவது ஏமாற்று.

எஃபெக்ட்ஸ் விஷயம் சுருக்கமானது. தவில் தேரோடும் வீதியின் வாத்தியம். 'ஹால்' எதிரொலியைப் பூசினால் தஞ்சாவூர் மேலவீதி எங்கோ ஓர் ஐரோப்பிய மண்டபமாகிவிடும். தூரத்தில் இன்னொரு மைக் வைத்து வீதியையே பதிந்துகொள்வது மேல். கம்ப்ரஸரோ பெரிய அடியையும் சின்ன அடியையும் சமமாக்குகிறது. (சமத்துவம் எல்லா இடத்திலும் நல்லதல்ல போலும்!)

உண்மையான அதிகாரம் தாளக் கட்டத்தில் இருக்கிறது. திரையைத் திறந்ததும் 16 கட்டங்கள். அதாவது சதுஸ்ரம் மையம், மற்ற நடைகள் விளிம்பு. நிமிஷத்துக்கு 120 அடி என்றால் ஓர் அடிக்கு 500 மில்லிசெகண்ட். சதுஸ்ரத்தில் ஒரு கட்டம் 125, கண்டத்தில் 100, மிஸ்ரத்தில் ஏறத்தாழ 71. கண்டத்தை 125இன் கட்டத்துக்கு 'இழுத்துச் சரிசெய்தால்' கண்டம் போச்சு. நடையை முதலில் கேட்டு, அதற்கேற்பக் கட்டம் போடுகிற கருவியே இங்கே உதவும். வண்ணப் பெட்டிகளுக்குப் பதிலாக 'தகதகிட' என்று சொற்கட்டைத் தட்டச்சு செய்ய விட்டால் இன்னும் நல்லது. இந்த வாத்தியம் கற்பிக்கப்படுவதே வாயால் சொல்லித்தானே.

பூஜை வேளையில் சுவிட்சைத் தட்டினால் முரசும் மணியும் அடிக்கும் மோட்டார் மேளம் நம் கோயில்களுக்கு வந்து வெகுநாளாகிறது. அதற்குக் கை யாருடையது என்ற கேள்வி எழவில்லை. மாதிரிக்கு எழுகிறது: ஒருநாள் கூலிக்குப் பதிந்த கை, ஆள் இல்லாமலே காலமெல்லாம் வாசிக்கும். நீடாமங்கலம், வலங்கைமான், ஹரித்துவாரமங்கலம் என்று ஊர்ப்பெயரை முன்னே வைத்தே டெல்டா தன் தவில்காரர்களை அறிந்திருக்கிறது. கோப்பின் பெயர் 'சவுத் இந்தியன் டிரம் 07' என்றானால் ஊரும் இல்லை, கையும் இல்லை. கோப்பில் அவர் பெயர், விற்கும் ஒவ்வொரு பிரதியிலும் அவருக்குப் பங்கு: கருவியை வடிவமைக்கிறவர் மைக்கை வைக்கும் முன்பே எழுதி முடிக்கவேண்டிய ஒப்பந்தம் இது.