ஒன்று பழுதானால் மற்றொன்று காக்குமா?

யந்திரம் எதுவாயினும் ஒரு நாள் பழுதாகும். ஆகையால், உயிருக்கு அபாயம் நேரக்கூடிய இடங்களில் பொறியியலார் ஒரே வேலைக்கு இரண்டு மூன்று சாதனங்களை அமைக்கின்றனர். இந்த ஏற்பாடு எவ்வளவு தூரம் நம்பத்தக்கது என்பதைச் சற்று ஆராய்வோம்.

ஒரு பம்பு தேவையான சமயத்தில் இயங்காமற்போகும் வாய்ப்பு 100-இல் ஒன்று எனக் கொள்வோம். அத்தகைய பம்புகள் இரண்டு இருப்பின், இரண்டும் ஒருசேர நின்றுவிடும் வாய்ப்பு 10,000-இல் ஒன்று; மூன்று இருப்பின் 10 லட்சத்தில் ஒன்று. கணக்கில் பிழை இல்லை. ஆனால் ஒன்றின் பழுதுக்கும் மற்றதன் பழுதுக்கும் தொடர்பே இருத்தலாகாது என்னும் நிபந்தனை அதனுள் மறைந்திருக்கிறது. பழுதுகளில் பத்தில் ஒரு பங்கு, ஒரே மின்கம்பி, ஒரே வெள்ளம், பராமரிப்பில் ஒரே தவறு என எல்லாப் பம்புகளுக்கும் பொதுவான காரணத்தால் விளைவதாயின், அவை ஒருசேர நிற்கும் வாய்ப்பு ஏறக்குறைய 1,000-இல் ஒன்றாகிவிடும். மூன்றாவது பம்பு வைத்தாலும் இந்த எண் பெரிதும் குறையாது. மாற்றுச் சாவியையும் அதே சாவிக்கொத்தில் கோத்து வைப்பதற்கு இது ஒப்பாகும்.

உத்தரப் பிரதேசத்தில் கங்கைக் கரையிலுள்ள நரோரா அணுமின் நிலையத்தில் 1993 மார்ச் 31 அதிகாலையில் நிகழ்ந்த விபத்து இதற்குச் சான்று. முதல் அலகின் டர்பைன் தகடுகள் முறிந்தன. ஹைட்ரஜன் வாயு கசிந்து தீப்பற்றியது. உலை உடனே நிறுத்தப்பட்டது. ஆயினும் நிறுத்திய உலையையும் தொடர்ந்து குளிர்வித்தல் வேண்டும். அதற்கு மின்சாரம் கொணரும் முதன்மைக் கம்பிகளும் அவசரகாலக் கம்பிகளும் அருகருகே சென்றமையால், ஒரே தீ இரண்டையும் எரித்தது. சுமார் 17 மணி நேரம் அவ்வலகு மின்சாரமின்றி இருந்தது. அக்கம்பிகளை நம்பியிராத டீசல் தீயணைப்புப் பம்புகள் செலுத்திய நீரே நீராவிக் கலன்களைக் குளிர்வித்துப் பேராபத்தைத் தடுத்தது.

ஒன்றின் சுமை மற்றொன்றின் மீது விழுதல் வேறொரு வகைத் தொடர்பாகும். 2012 ஜூலை 30, 31 தேதிகளில் நேர்ந்த மின்தடையை வட மாநிலங்களில் வாழும் நம்மவர் பலர் மறந்திரார். பீனாவுக்கும் குவாலியருக்கும் இடையேயுள்ள மின்தடம் மிகுந்த சுமையால் துண்டிக்கப்பட்டது. அச்சுமையைத் தாங்க இயலாமல் பிற தடங்களும் அடுத்தடுத்து வீழ்ந்தன. இரண்டாம் நாள் வடக்கு, கிழக்கு, வடகிழக்கு ஆகிய மூன்று மின்தொகுப்புகளும் செயலற்றன. 60 கோடிக்கு மேற்பட்ட மக்கள் வாழும் பகுதிகள் பாதிக்கப்பட்டன. தென்னகத் தொகுப்பு அந்நாளில் அவற்றோடு ஒத்தியங்குமாறு இணைக்கப்படாதிருந்தமையால் தப்பியது.

ஆகவே, எண்ணிக்கையைப் பெருக்குவது மட்டும் பாதுகாப்பாகாது. இரு காவல்களும் இருக்கும் இடம், இயக்கும் சக்தி, செய்யப்பட்ட முறை, பராமரிப்போர் ஆகியவற்றில் இயன்றவரை வேறுபட்டிருத்தல் அவசியம். மருத்துவமனையிலோ தொழிற்சாலையிலோ மாற்று ஏற்பாடு உள்ளது என்று நம்மிடம் கூறப்படும்போது, அதையும் முதலாவதையும் ஒரே நேரத்தில் வீழ்த்தக்கூடியது எது என்று வினவுவதே அறிவுடைமை.