பூஜப்புரையில் பிறந்த வால்வு

ஒரு நாளில் சுமார் ஒரு லட்சம் முறை. ஓர் ஆண்டில் ஏறக்குறைய 4 கோடி முறை. இதயத்தின் இடது மேலறைக்கும் கீழறைக்கும் நடுவே உள்ள மிட்ரல் வால்வு இத்தனை தடவை திறந்து மூடுகிறது. வேலை ஒன்றுதான்: ரத்தத்தைக் கீழே விட வேண்டும், திரும்ப விடக்கூடாது. அதன் இரண்டு மெல்லிய இதழ்களையும் கீழறைத் தசைகளோடு நூல் போன்ற நாண்கள் பிணைத்திருக்கின்றன. கீழறை சுருங்கும்போது இதழ்கள் மேல்நோக்கிப் புரண்டுவிடாமல் இழுத்துப் பிடிப்பவை இவைதான்.

இந்த ஏற்பாட்டைக் குலைப்பதில் முன்னிற்பது ருமாட்டிக் காய்ச்சல். சிறு வயதில் வரும் சாதாரணத் தொண்டைப் புண்ணில் தொடங்கும். கவனிக்காமல் விட்டால் சிலருக்கு இதழ்கள் தடித்து ஒட்டிக்கொள்ளும். அல்லது சரியாக மூடாமல் ரத்தம் கசியும். நெருக்கடியான வீடுகளில் வளரும் ஏழைக் குழந்தைகளே அதிகம் பாதிக்கப்படுகிறார்கள். முற்றிய நிலையில் செயற்கை வால்வுதான் வழி. ஆனால் இறக்குமதி வால்வின் விலை அவர்களுக்கு எட்டாக் கனி.

விடை தேடியது திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரா திருநாள் மருத்துவ நிறுவனம். அறுவை நிபுணர் டாக்டர் எம்.எஸ். வலியத்தான் தலைமையில், பூஜப்புரையில் திருவிதாங்கூர் அரச குடும்பம் தந்த அரண்மனையில் டாக்டர்களும் என்ஜினியர்களும் கைகோத்தனர். எடுத்த எடுப்பில் வெற்றி கிட்டவில்லை. ஆரம்ப மாதிரிகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தோற்றன. நீலக்கல் படிகத்தில் செய்த தட்டு, சோதனைக்குப் பொருத்திய ஆட்டின் இதயத்திலேயே உடைந்தது. கடைசியில் கைகொடுத்தது ஒரு பிளாஸ்டிக்: மிக உறுதியான பாலிஎத்திலீன் தட்டு. கோபால்ட்-குரோமியம் கலப்பு உலோகச் சட்டம். இதயத்தோடு வைத்துத் தைக்கப் பாலியெஸ்டர் துணி வளையம். ரத்தம் தள்ளினால் தட்டு சாய்ந்து வழிவிடும். எதிர்த்து வந்தால் மூடிக்கொள்ளும்.

1990 டிசம்பர் 6 அன்று முதல் முறையாக ஒரு நோயாளிக்கு இது பொருத்தப்பட்டது. பிறகு தயாரிப்பைச் சென்னையின் டி.டி.கே. குழுமம் ஏற்றது. இன்றுவரை ஒரு லட்சத்துக்கும் அதிகமான இதயங்களில் இடம்பிடித்திருக்கிறது 'சித்திரா' வால்வு, இறக்குமதி வால்வைவிடக் குறைந்த விலையில். வலியத்தான் 2024 ஜூலையில் காலமானார்.

குறையே இல்லை என்று சொல்ல முடியாது. உலோக வால்வு பொருத்தியவர்கள் ரத்தம் உறையாமலிருக்க ஆயுள் முழுதும் மாத்திரை சாப்பிட வேண்டும். அடிக்கடி ரத்தப் பரிசோதனையும் தேவை. இயற்கை தந்த இதழ்களுக்கு ஈடில்லை. அவற்றைக் காப்பாற்றும் வழியோ மிக மலிவு: குழந்தையின் தொண்டைப் புண்ணுக்கு உரிய நேரத்தில் ஒரு பெனிசிலின்.