பில்லில் வராத சூடு

புதிதாக அசெம்பிள் செய்த கணினியை வீட்டுக்குக் கொண்டுவரும் பலருக்கு, அதன் பிராசஸர் தயாரிப்பாளர் வகுத்த வரம்பைத் தாண்டி ஓடிக்கொண்டிருக்கலாம் என்பது தெரியாது. இன்டெலின் கோர் ஐ9-13900கே பிராசஸருக்கு நிறுவனம் குறித்திருக்கும் உச்ச மின்சக்தி 253 வாட். விலை கூடிய மதர்போர்டுகள் சிலவற்றின் அடிப்படை அமைப்பு மென்பொருளான பயாஸில் அந்த இடத்தில் 4096 வாட் என்று இருந்தது. அவ்வளவு மின்சாரத்தை எந்தப் பிராசஸரும் எடுக்காது. வரம்பே இல்லை என்று சொல்வதற்கான எண் அது. இது போதாதென்று, விற்பவரும் ‘ஸ்பீடு ஏத்தித் தரேன்’ என்று பயாஸில் கைவைக்கிறார். இதில் எதுவும் பில்லில் வருவதில்லை. வாங்கியவர் கேட்டுக்கொண்டதும் இல்லை. இதை ஒரு தொழில்நுட்ப விஷயம் என்று ஒதுக்கிவிட என்னால் முடியவில்லை. காசு கொடுத்தவரிடம் மறைக்கப்படும் தகவல் இது.

உறுதியளிக்கப்பட்ட கடிகார வேகத்துக்கு மேலே பிராசஸரை ஓட்டுவதுதான் ஓவர்கிளாக். வேகத்தை மட்டும் கூட்டினால் செலவாகும் மின்சக்தியும் ஏறக்குறைய அதே விகிதத்தில்தான் கூடும். ஆனால் ஓர் அளவுக்கு மேல் பிராசஸர் தடுமாறும். அதை நிலைநிறுத்த மின்னழுத்தத்தையும் ஏற்ற வேண்டும். வினை அங்கேதான் தொடங்குகிறது, ஏனென்றால் மின்சக்தி மின்னழுத்தத்தின் வர்க்கத்தோடு பெருகும். வேகத்தில் 10 சதவீதம், மின்னழுத்தத்தில் 10 சதவீதம் ஏற்றினால் மின்சக்தி 33 சதவீதம் ஏறிவிடும். 125 வாட்டில் ஓடியது 166 வாட் கேட்கும். அத்தனையும் வெப்பமாகத்தான் வெளியே வரும். இவ்வளவுக்கும் கைக்குக் கிடைப்பது 10 சதவீத வேகம், அதுவும் எல்லா வேலையிலும் இல்லை.

இந்த வெப்பத்தை வெளியேற்ற ஹீட் சிங்க்கும் ஃபேனும் இருக்கின்றன. அவற்றால் செய்ய முடியாத ஒன்று உண்டு: அறையின் வெப்பநிலைக்குக் கீழே எதையும் குளிர்விக்க முடியாது. ஒவ்வொரு வாட்டுக்கும் பிராசஸர் அறையைவிட இத்தனை டிகிரி சூடேறும் என்ற கணக்கு ஒவ்வொரு கூலருக்கும் இருக்கிறது. உதாரணத்துக்கு அதை வாட்டுக்கு 0.3 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். 24 டிகிரி அறையில் 125 வாட் பிராசஸர் 62 டிகிரியைத் தொடும். ஓவர்கிளாக் செய்து 166 வாட் ஆக்கினால் 74. பரவாயில்லை என்றே தோன்றும். அதே கணினியை மே மாதத்தில் வேலூரிலோ கரூரிலோ மொட்டை மாடிக்குக் கீழே இருக்கும் அறையில் வையுங்கள். அறையே 38 டிகிரி. மூடிய கேபினெட்டுக்குள் இன்னும் ஆறு டிகிரி கூடுதல். இப்போது 94. ஐ9-13900கே போன்ற ஒன்று இன்டெல் குறித்த 253 வாட்டை மட்டும் இழுத்தாலே, கேபினெட் சூட்டைச் சேர்க்காமலே கணக்கு 114 டிகிரி என்று வரும். அந்தப் பிராசஸருக்கு இன்டெல் வைத்திருக்கும் உச்சம் 100. போட்டி நிறுவனமான ஏஎம்டியின் ரைசன் 7000 வரிசையில் பலவற்றுக்கு 95தான். கூலர்களை மதிப்பிடும் வெளிநாட்டு வீடியோக்கள் பெரும்பாலும் குளிரூட்டிய அறையில் எடுக்கப்பட்டவை. அவற்றில் வரும் எண்ணோடு நம் ஊர் வெயிலைக் கூட்டித்தான் படிக்க வேண்டும்.

இன்னும் பெரிய ஃபேன் போட்டால் தீராதா? ஓரளவுக்குத் தீரும், அதற்கு மேல் தீராது. ரைசன் 7000 வரிசையில் கோர்கள் அடங்கிய ஒரு சில்லின் பரப்பு சுமார் 70 சதுர மில்லிமீட்டர். அத்தனை சிறிய இடத்தில் பிறக்கும் வெப்பம் சிலிக்கனையும், மேல் தகட்டையும், தெர்மல் பேஸ்ட்டையும் கடந்துதான் ஹீட் சிங்க்கைச் சேர வேண்டும். வாசலில் நெரிசல் இருக்கும்போது வெளியே சாலையை அகலப்படுத்திப் பயனில்லை. ஃபேன் வேகத்தைக் கூட்டக் கூட்ட இரைச்சல் ஏறும், வெப்பநிலை ஒன்றிரண்டு டிகிரிதான் இறங்கும். வாட்டர் கூலர் இன்னும் அதிக வாட்டைத் தாங்கும் என்பது உண்மை. ஆனால் அதன் ரேடியேட்டரும் கடைசியில் அறைக் காற்றில்தான் வெப்பத்தை விடுகிறது. 38 டிகிரி அறை அதற்கும் 38 டிகிரிதான். தூசி அடைத்த ஃபில்டர், காய்ந்துபோன பேஸ்ட், சுவரோடு ஒட்டி நிறுத்திய கேபினெட் எல்லாம் சேர்ந்தால் இருக்கும் கொஞ்ச இடைவெளியும் போய்விடும்.

உச்சத்தைத் தொட்டதும் பிராசஸர் எரிந்துவிடுவதில்லை. தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், அதையும் மீறினால் அணைந்துவிடும். ஆகவே சூடான அறையில் ஓவர்கிளாக் செய்த கணினி, செய்யாததைவிட மெதுவாக ஓடவும் கூடும். எனக்குக் கவலை தருவது அதுவல்ல, மெதுவாக நடக்கும் சேதம். அதிக மின்னழுத்தமும் அதிக வெப்பமும் சேர்ந்தால், உள்ளே இருக்கும் நுண்ணிய உலோக இணைப்புகளும் டிரான்சிஸ்டர்களும் தேய்கின்றன. நேற்று நிலையாக ஓடிய அதே வேகத்தில் இன்று பிழை வரும். ஜிப் கோப்பு திறக்காது, வீடியோ ரெண்டர் பாதியில் நிற்கும், நீலத்திரை வரும்.

2024இல் உலகமே இதைப் பார்த்தது. இன்டெலின் 13, 14ஆம் தலைமுறை டெஸ்க்டாப் பிராசஸர்கள் பலவற்றில் இத்தகைய நிலையின்மை தோன்றியது. விளையாட்டுகள் நின்றுபோய், கிராஃபிக்ஸ் நினைவகம் போதவில்லை என்ற செய்தி வந்தது, பழுதோ பிராசஸரில். தேவைக்கு மேலான மின்னழுத்தம் சில்லைத் தேய்த்ததே காரணம் என்று இன்டெல் விளக்கியது. மைக்ரோகோடு திருத்தங்களை வெளியிட்டது. பாதிக்கப்பட்ட மாடல்களுக்கு வாரண்டியை இரண்டு ஆண்டுகள் நீட்டித்தது. இதற்கு முந்தைய ஆண்டு, ரைசன் 7000 எக்ஸ்3டி பிராசஸர்கள் சில சாக்கெட்டிலேயே கருகின. மெமரியைக் கூடுதல் வேகத்தில் ஓட்டும் எக்ஸ்போ வசதியை இயக்கியபோது சில போர்டுகள் மின்னழுத்தத்தை மிகையாக ஏற்றியிருந்தன. அதை 1.3 வோல்ட்டுக்கு மேல் போகாமல் ஏஎம்டி கட்டுப்படுத்தியது.

வாரண்டியில் இருக்கும் கண்ணி இங்கேதான். குறிப்பிட்ட அளவுகளுக்கு வெளியே வேகத்தையோ மின்னழுத்தத்தையோ மாற்றினால் வாரண்டி செல்லாது, தங்கள் மென்பொருள் வழியாகவே மாற்றினாலும் செல்லாது என்கிறது ஏஎம்டி. மின்னழுத்தத்தைக் குறைப்பதும் அதில் அடக்கம். ஓவர்கிளாக் செய்ய வசதியான மாடல் என்று விளம்பரப்படுத்தி, செய்தால் பொறுப்பில்லை என்று சிறிய எழுத்தில் சொல்வது எனக்கு நியாயமாகத் தெரியவில்லை. ஆனாலும் நிலைமை அதுதான், தெரிந்தே இறங்க வேண்டும்.

சட்டம் என்ன தருகிறது? 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், பொருளின் தரத்தையும் அளவையும் பற்றித் தெரிந்துகொள்வதை நுகர்வோரின் உரிமையாக வைத்திருக்கிறது. பில் தர மறுப்பது முறையற்ற வணிகம். ஜிஎஸ்டி இல்லாத எஸ்டிமேட் சீட்டை வாங்கிக்கொண்டு திரும்பாதீர்கள். கடைக்காரர் ஓவர்கிளாக் செய்து தந்தால், எந்த வேகம், எந்த மின்னழுத்தம், பழுதானால் யார் மாற்றித் தருவார் என்பதைப் பில்லிலேயே எழுதி வாங்குங்கள். எழுத மறுத்தால் பயாஸை டிஃபால்ட்டுக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள்.

பிராசஸரே பழுதானால், பொருளின் குறைபாடு அல்லது சேவைக் குறைபாடு என்று புகார் செய்யலாம். தீ பிடித்து வேறு பொருளோ ஆளோ பாதிக்கப்பட்டால் அது பொருள் பொறுப்பு வழக்கு. அதில் சட்டத்தின் இரண்டு பிரிவுகளைச் சேர்த்துப் படிக்க வேண்டும். விற்பவர் பொருளை மாற்றியமைத்து, அந்த மாற்றமே தீங்குக்கு முக்கியக் காரணமானால் அவர் பொறுப்பு என்கிறது 86ஆம் பிரிவு. தீங்கு நேர்ந்த சமயத்தில் பொருள் மாற்றியமைக்கப்பட்டிருந்தால் விற்பவர் மீது வழக்கு நிற்காது என்கிறது 87. மாற்றியது யார் என்பதே வழக்காகிவிடும். அதனால்தான் அந்த ஒரு வரி பில்லில் வேண்டும் என்று இவ்வளவு வலியுறுத்துகிறேன்.

கல்யாண வீடியோ எடிட் செய்து பிழைப்பவர், ‘இது தொழிலுக்கு வாங்கியது, நான் நுகர்வோர் இல்லையே’ என்று ஒதுங்க வேண்டாம். சுயதொழிலால் வயிறு வளர்ப்பவரையும் சட்டம் நுகர்வோராகவே ஏற்கிறது. முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியலாம். தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. கடை சென்னை ரிச்சி தெருவில் இருந்தாலும் நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே மனு தரலாம். ஐந்து லட்சம் ரூபாய் வரை கட்டணம் இல்லை, வக்கீல் கட்டாயமில்லை. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் தர வேண்டும்.

கணினியை வாங்கிய அன்றே பயாஸ் திரைகளைப் படம் எடுத்து வையுங்கள். அரை மணி நேரம் கனமான வேலை கொடுத்து, பிராசஸரின் வெப்பநிலையோடு அறையின் வெப்பநிலையையும் குறித்துக்கொள்ளுங்கள். கோடையில் மறுபடி பாருங்கள். பயாஸைப் புதுப்பித்து, இன்டெல் டிஃபால்ட் செட்டிங்ஸ் என்ற தேர்வு இருந்தால் அதை இயக்குங்கள்; ரைசனில் மின்சக்தியைக் குறைக்கும் ஈகோ மோடு இருக்கிறது. சூடு குறையும் அளவுக்கு வேகம் குறையாது. பழுது என்று கடைக்குக் கொண்டுபோனால், பிராசஸரின் வரிசை எண்ணைக் குறித்த ரசீது இல்லாமல் அதைக் கழற்றிக் கொடுக்காதீர்கள். சோதித்தால்தான் குறை தெரியும் என்றால், பொருளை முத்திரையிட்டு ஆய்வகத்துக்கு அனுப்ப ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. அப்படி அனுப்ப வேண்டுமானால், பழுதான அதே பிராசஸர் உங்கள் கையில் இருக்க வேண்டும்.