புலிகள் காப்பகத்துக்குள் சோளகர்கள்: காட்டை நிர்வகிக்கும் உரிமை யாருக்கு?

2024 பிப்ரவரியில் லால்பாக் பக்கம் போயிருந்தீங்கன்னா, நிஜ அளவில் யானைக் கூட்டம் ஒன்று புல்வெளியில் நின்றதைப் பார்த்திருப்பீங்க. செல்ஃபியும் எடுத்திருப்பீங்க. அந்த யானைகளைச் செய்தவர்கள் நீலகிரிப் பகுதிப் பழங்குடிக் கலைஞர்கள். செய்த பொருள், உண்ணிச்செடியின் தண்டு. அலங்காரத்துக்காக வெளிநாட்டிலிருந்து கொண்டுவரப்பட்டு, இன்று தென்னிந்தியக் காடுகளை மூடிக்கொண்டிருக்கும் அதே செடிதான்.

அது எப்படி இவ்வளவு பரவியது என்று கேட்டால், பெங்களூருவிலிருந்து நாலஞ்சு மணி நேரத் தூரத்தில் இருக்கும் பிலிகிரி ரங்கன மலைக்குப் போக வேண்டியிருக்கும். வீக்எண்ட் சஃபாரிக்கு நம்மில் பலர் போகும் 'பி.ஆர். ஹில்ஸ்' அது. அங்கே காலங்காலமாக வாழ்பவர்கள் சோலிகர்கள். தமிழில் சோளகர்கள், ச. பாலமுருகனின் 'சோளகர் தொட்டி' நாவல் படித்தவர்களுக்குப் பழக்கமான பெயர். மலை மேல் இருக்கும் ரங்கநாதர் தங்கள் வீட்டுப் பெண்ணைக் கட்டியவர் என்பது அவர்கள் நம்பிக்கை. அதனால் சாமியை மச்சான் முறை வைத்துத்தான் அழைப்பார்கள்!

வெளியேற்றம், பிறகு தடை

1974இல் இந்தக் காடு வனவிலங்கு சரணாலயம் ஆனது. உள்காட்டில் இருந்த குடும்பங்கள் வெளியேற்றப்பட்டு, 'போடு' எனப்படும் குடியிருப்புகளில் அமர்த்தப்பட்டன. வேட்டை, இடம் மாற்றிச் செய்யும் விவசாயம், காட்டுக்குத் தீ வைப்பது எல்லாவற்றுக்கும் தடை. மிஞ்சியது நெல்லிக்காய், தேன், கல்பாசி சேகரித்து விற்பதுதான். குடும்ப வருமானத்தில் பாதிக்கு மேல் இதிலிருந்து வந்ததாக 1990களின் ஆய்வுகள் காட்டின. 2002இல் திருத்தப்பட்ட வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தைக் காட்டி, அடுத்த சில ஆண்டுகளில் விற்பனைக்காகச் சேகரிப்பதும் நிறுத்தப்பட்டது.

இதில் தீ விஷயத்தைக் கொஞ்சம் நின்று பார்க்கணும். கோடையின் தொடக்கத்தில், சருகு மட்டும் எரியும்படி சின்னதாகத் தீ வைப்பது சோளகர்களின் பழைய வழக்கம். 'தரகு பெங்கி', அதாவது சருகுத் தீ என்பார்கள். அது உண்ணிச்செடியின் நாற்றுகளைக் கட்டுக்குள் வைத்தது, நெல்லி மரத்தில் புல்லுருவி ஏறாமல் பார்த்துக்கொண்டது, தீயை நிறுத்தினதும் இரண்டும் பெருகிவிட்டன என்பது அவர்கள் வாதம்.

டேட்டா என்ன சொல்லுது? பெங்களூருவில் இயங்கும் ஏட்ரீ ஆய்வு நிறுவனத்தின் ஆய்வாளர்கள் இந்தக் காட்டில் மாதிரிக் கட்டங்கள் அமைத்துக் கணக்கெடுத்தார்கள். 1997இல் 41 சதவீதக் கட்டங்களில் உண்ணிச்செடி இருந்தது. 2008இல் 81 சதவீதம். இதற்குத் தீத்தடை மட்டுமே காரணம் என்று இந்த எண்ணை வைத்துச் சொல்லிவிட முடியாது. தடையை இன்றே நீக்கினால் சரியாகிவிடும் என்றும் இல்லை. ஆள் உயரத்துக்கு உண்ணிச்செடி மண்டிய காட்டில் தீ வைத்தால், அது சருகுத் தீயாக நிற்காது. ஆனால் முடிவெடுத்த நாளில், காட்டைத் தினமும் பார்த்தவர்களிடம் யாரும் கருத்துக் கேட்கவில்லை என்பதுதான் எனக்கு உறுத்துகிறது.

2011: ஒரே ஆண்டில் இரண்டு திருப்பங்கள்

2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம்தான் ஆட்டத்தை மாற்றியது. வீட்டுக்கும் வயலுக்கும் பட்டா தரும் சட்டம் என்று மட்டும் பலர் நினைக்கிறோம். அதன் 3(1)(i) பிரிவு, சமூக வன வளத்தைப் பாதுகாக்கவும் நிர்வகிக்கவும் ஊருக்கே உரிமை தருகிறது. 5ஆம் பிரிவு வனவிலங்கைக் காக்கும் அதிகாரத்தையும் கிராம சபையிடம் கொடுக்கிறது. இது சரணாலயம், தேசியப் பூங்கா, புலிகள் காப்பகம் எல்லாவற்றுக்கும் பொருந்தும்.

2011 ஜனவரியில், சோளகர்களின் எதிர்ப்பையும் மீறி, இந்தக் காடு புலிகள் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. அதே ஆண்டு அக்டோபர் 2 அன்று 25 கிராம சபைகளுக்குச் சமூக வன உரிமைச் சான்றுகள் கிடைத்தன. இந்தியாவில் ஒரு புலிகள் காப்பகத்துக்குள் இப்படி நடந்தது அதுதான் முதல்முறை.

உரிமை கோர ஆதாரம் வேண்டுமே? அதற்கு ஒரு வரைபடம் உதவியது. ஒவ்வொரு குலத்துக்கும் காட்டில் ஓர் 'எல்லே' உண்டு. அதற்குள் தேவரு, மாரம்மா, வீரு, முன்னோரைப் புதைத்த கல்லுகுடி, நீர் ஊறும் அப்பி எல்லாம் அடக்கம். பெரியவர்களோடு காட்டுக்குள் நடந்து, 400க்கும் மேற்பட்ட இடங்களை ஜிபிஎஸ் கருவியில் பதிவு செய்தார்கள். இந்த வேலையில் ஏட்ரீயோடு முன்நின்றவர் சி. மாதேகௌடா, சோளகர் சமூகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்.

புலி கூடியதா?

இந்தக் காட்டைப் பற்றிப் பேசினாலே ஒரு எண் வந்துவிடும்: 2010இல் 35 புலிகள், 2014இல் 68. சோளகர் உரிமையால்தான் இரட்டிப்பானது என்று வாட்ஸ்அப்பில் யாராவது அனுப்பினால், கொஞ்சம் நிதானமா இருங்க. புலிக்கு மாநில எல்லை தெரியாது. பக்கத்திலேயே தமிழ்நாட்டின் சத்தியமங்கலம் இருக்கிறது. அரசு அறிக்கைகளே 'காப்பகத்துக்குள் இருப்பவை', 'காப்பகத்தைப் பயன்படுத்துபவை' என்று இரண்டு கணக்கு தருகின்றன. எதை எதோடு ஒப்பிடுகிறோம் என்று பார்க்காமல் விட்டால் ஏறியதும் தெரியாது, இறங்கியதும் தெரியாது. இந்த எண்ணை வைத்து ஒன்றை மட்டும் தைரியமாகச் சொல்லலாம்: மக்கள் உள்ளே இருந்தால் புலி அழிந்துவிடும் என்ற பயத்துக்கு இந்தக் காட்டில் ஆதாரம் கிடைக்கவில்லை.

சான்று வந்தது, சாவி?

ஆஸ்திரேலியாவின் உலுரு தேசியப் பூங்காவைப் பாருங்க. 1985இல் நிலம் அனங்கு மக்களுக்கே திருப்பித் தரப்பட்டது. அவர்கள் அதை 99 ஆண்டு குத்தகைக்கு அரசிடம் விட்டார்கள். பூங்கா நிர்வாகக் குழுவில் பெரும்பான்மை அவர்களுடையது.

இங்கே அப்படி இல்லை. கிராம சபைகளிடம் சான்று இருக்கிறது, ஏட்ரீ உதவியோடு எழுதிய நிர்வாகத் திட்டமும் இருக்கிறது. ஆனால் காப்பகத்தின் பட்ஜெட், சஃபாரி, தீத்தடுப்பு எல்லாம் இன்னும் வனத்துறை கையில்.

அதே சமயம் தலைக்கு மேல் வேறொரு கத்தி தொங்குகிறது. 2024 ஜூனில் தேசியப் புலிகள் காப்பக ஆணையம் மாநிலங்களுக்கு ஒரு கடிதம் அனுப்பியது. நாடு முழுக்கப் புலிகள் காப்பக மையப் பகுதிகளில் 591 கிராமங்கள், 64,801 குடும்பங்கள் இருப்பதாகக் கணக்குச் சொல்லி, இடமாற்றத்துக்கு முன்னுரிமை தரச் சொன்னது. சட்டப்படி இடமாற்றம் விருப்பத்தின் பேரில் மட்டுமே. முதலில் வன உரிமைகளை அங்கீகரித்து முடிக்கணும், கிராம சபையின் சம்மதமும் வேணும். அப்புறம்தான் குடும்பத்துக்கு 15 லட்சம் ரூபாய் பேச்சே வரும்.

2025 மே மாதம், நாகரஹொளெ காப்பகத்துக்குள் இருக்கும் தங்கள் பழைய ஊரான கரடிகல்லு அத்தூரு கொல்லிக்கு ஜேனு குறும்பர் குடும்பங்கள் திரும்பி வந்து குடிசை போட்டன. கையில் முன்னோர் கதை, புதைகுழி, கோயில் எல்லாம் அடங்கிய உரிமைக் கோரிக்கை. எதிரே வனத்துறை. பி.ஆர். ஹில்ஸில் 2011இல் கிடைத்த அந்தச் சான்றைத்தான் அவர்களும் கேட்கிறார்கள்.