மரத்தரை போடுகிறீர்களா? உஷார்!

கிரகப்பிரவேசத்துக்கு நாள் குறித்தாயிற்று. லாரியில் மரப்பலகை வந்து இறங்குகிறது. அன்றைக்கே போட்டு முடிக்கச் சொல்கிறார் வீட்டுக்காரர். கோளாறு அங்கேதான்!

ஐப்பசி மழை பிடித்ததும் நடு ஹாலில் பலகை ஒட்டகத் திமில் மாதிரி எழும்பி நிற்கிறது. "மட்ட மரத்தைத் தலையில் கட்டிட்டான்யா" என்று கடைக்காரரோடு ரகளை. பெயர்த்துப் போட மறுபடியும் பணம்.

பாவம், மரம் என்ன செய்யும்? காற்றில் ஈரம் ஏறினால் அகலும், ஏ.சி. ஓடினால் சுருங்கும். சென்னையோ கடலோர ஊர். அகல இடமில்லாவிட்டால் மேலேதான் கிளம்பும்.

போடப்போகும் அறையிலேயே பலகையைக் குறைந்தது 2 நாள் கிடத்த வேண்டும். சுவரோரம் சுற்றிலும் சுமார் 10 மில்லிமீட்டர் சந்து விடவேண்டும். "அசிங்கமா இருக்கே" என்று சிமெண்டு பூசி அடைத்துவிடாதீர்கள்! மேலே அடிக்கும் பீடிங் கட்டை அதை மறைத்துவிடும்.

இதைவிட மோசம், புதுத் தளம் காயுமுன் பலகை போடுவது. மேலே காய்ந்த மாதிரி இருக்கும், உள்ளே ஈரம். ஒன்றரை அடி சதுர பாலிதீன் ஷீட்டை நாலு பக்கமும் டேப் போட்டுத் தரையில் ஒட்டி, ஒரு நாள் விட்டுப் பாருங்கள். அடியில் முத்து முத்தாக நீர் கோத்திருந்தால் ஆசாரியைத் திருப்பி அனுப்ப வேண்டியதுதான், முகூர்த்தம் தள்ளிப்போனாலும் சரி.

வாளித் தண்ணீரைக் கொட்டிக் கழுவும் வேலைக்காரம்மாவிடமும் முதல் நாளே சொல்லி வைக்கவும்!